தட்டின் மீது ஹாட்ஜஸின் பெயர்

ஜானி ஹாட்ஜஸைப் பற்றி எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் டியூக் எலிங்டனைப் பற்றி எழுதி முடிக்கிறார்கள். 1928இல் எலிங்டனின் இசைக்குழுவில் சேர்ந்த ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். நடுவே நான்காண்டுகள் விலகியிருந்தார். மற்றபடி 1970இல் மறையும்வரை அங்கேயே வாசித்தார். தன் பெயரில் அவர் வெளியிட்ட இசைத்தட்டுகளோ, பந்தியில் மிஞ்சியதைச் சின்ன இலையில் பரிமாறியதுபோலப் பேசப்படுகின்றன. இந்த மதிப்பீட்டில் எங்களுக்கு உடன்பாடில்லை.

1941 ஜூலை 3 அன்று ஹாலிவுட்டில் நடந்த ஒலிப்பதிவை எடுத்துக்கொள்வோம். ஏழே பேர். எழுவரும் எலிங்டன் குழுவினர், பியானோவில் எலிங்டனே. ஆனால் தட்டின் மீது இருப்பது ஹாட்ஜஸின் பெயர். அன்று பதிவான ‘பேஷன் ஃபிளவர்’ பில்லி ஸ்ட்ரேஹார்ன் இயற்றியது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஹாட்ஜஸ் தாவுவதில்லை, வழுக்கிச் செல்கிறார். நம் சங்கீதக்காரர்கள் ஜாரு என்பதற்கு நெருக்கமான ஒன்று. பெருங்குழுவில் பித்தளைக் கருவிகளின் முழக்கத்துக்கு நடுவே இந்த வழுக்கல் ஓர் அலங்காரமாகத் தோன்றும். இங்கே சுற்றிலும் இடம் இருக்கிறது. அதனால் அந்த வழுக்கலே பாட்டாகிவிடுகிறது. மூன்றே நிமிடம். முதலாளி பின்னணி வாசிக்க, ஊழியர் பாடுகிறார்.

தன் பெயருக்கு அவர் ஏங்கியதில் வியப்பில்லை. தன் இசைத்துணுக்குகள் எலிங்டனின் பாடல்களாக உருமாறியபோது உரிய பங்கு தனக்கு வரவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. மேடையிலேயே எலிங்டனைப் பார்த்துப் பணம் எண்ணுவதுபோல் விரல்களை அசைப்பாராம்.

1951இல் லாரன்ஸ் பிரவுன், சன்னி கிரீர் ஆகியோருடன் வெளியேறித் தனிக்குழு அமைத்தார். அவருக்குக் கிடைத்த பெரிய வெற்றி ‘காஸில் ராக்’. ஆனால் அதை இயற்றியவரும், அதில் முழங்கும் டெனர் சாக்ஸபோனுக்கு உரியவரும் குழுவிலிருந்த ஆல் சியர்ஸ். தலைவரின் தட்டில் தலைவரைத் தேட வேண்டியிருந்தது! இளம் ஜான் கோல்ட்ரேனும் சிறிது காலம் அக்குழுவில் வாசித்தார் என்பதைத் தவிர, அந்த ஆண்டுகளைப் பற்றி எங்களுக்குப் பெரிய உற்சாகமில்லை. 1955இல் ஹாட்ஜஸ் எலிங்டனிடமே திரும்பினார்.

இதை வைத்து, அவருக்குத் தனியே நிற்கும் திராணியில்லை என்கிறார்கள். குழு நடத்துவது வேறு, இசையை நடத்துவது வேறு என்றே நாங்கள் சொல்வோம். பயணச் செலவும் சம்பளப் பட்டியலும் அவர் தலையில் இல்லாதபோதுதான் அவர் முழுத் தலைவராக ஒலித்தார். 1959இல் எலிங்டனுடன் இணைந்து பதிவுசெய்த ‘பேக் டு பேக்’ இதற்குச் சாட்சி. பழைய புளூஸ் பாடல்கள்தாம். டிரம்பெட்டில் ஹாரி எடிசன், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ், இருவரும் கவுன்ட் பேஸியின் பழைய ஆட்கள். யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசரமில்லாமல் வாசிக்கிறார்கள்.

1956 நியூபோர்ட் விழாவைப் பற்றிப் பேசுகிறவர்கள், பால் கோன்ஸால்வெஸின் 27 சுற்றுத் தனிவாசிப்பையும் கூட்டம் எழுந்து ஆடியதையும் மறவாமல் சொல்வார்கள். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு எலிங்டன் மேடைக்கு முன்னே அழைத்தது ஹாட்ஜஸை. அப்போது வாசித்தவற்றுள் ஒன்று ‘ஜீப்ஸ் புளூஸ்’. 1938இல் ஹாட்ஜஸின் பெயரில், சின்னக் குழுவுக்காகப் பதிவான பாடல் அது.