தாத்தா முகத்துக்கு எத்தனை பிட்?



எல்லார் வீட்டிலும் ஒரு கேசட் கிடக்கும். அப்பா அம்மா கல்யாண கேசட். பீரோவுக்கு மேலேயோ, பரணிலோ, டிரங்குப் பெட்டிக்குள்ளேயோ தூசி படிந்து கிடக்கும். "அதான் டி.வி.டி. போட்டாச்சே, இனி அது எதுக்கு?" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. எங்க தாத்தா சங்கு குளித்தவர். 1961-இல் நம் முத்துநகர்க் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்ததே, அப்போது இருபது வயதில் கல்லில் காலை வைத்துப் பாரில் இறங்கியவர். 2011-இல் இறந்துபோனார். எனக்கு அப்போது நாலு வயது. முகம் சரியாக நினைவில்லை. அவர் நடப்பதும் சிரிப்பதும் பேசுவதும் மூன்று வி.எச்.எஸ். கேசட்டில்தான் இருந்தன. ஒன்று 2001-இல் நடந்த அப்பா கல்யாணம், இன்னொன்று அன்று சாயங்கால வரவேற்பு, மூன்றாவது அத்தை கல்யாணம்.

2015-இல் அப்பா மூன்றையும் ஒரு கடையில் கொடுத்தார். மொத்தம் ஒன்பது மணி நேரப் படம். "ஒரே தட்டுல முடிச்சுட்டேன் அண்ணாச்சி, உங்களுக்குக் காசு மிச்சம்" என்றார் கடைக்காரர். அப்பாவுக்கும் சந்தோஷம். இரண்டு கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். கல்யாண கேசட்டை மட்டும் ஆச்சி கையை விட்டுக் கொடுக்கவில்லை.

போட்டுப் பார்த்தால்... தாலி கட்டுகிற நேரம், எல்லாரும் பூத் தூவுகிறார்கள். திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைகிறது. "அந்தா பாரு, உங்க தாத்தா கண்ணைத் தொடைக்காரு" என்கிறார்கள் ஆச்சி. எனக்குத் தெரிந்தது நாலு பழுப்புக் கட்டம்தான். வரவேற்பில் யாரோ மைக்கை நீட்ட, கடலடியில் மூச்சை அடக்கிய கதையைத் தாத்தா சொல்கிறார். குரல் கேட்கிறது. முகம் இல்லை!

ஏன் இப்படி ஆனது? பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இது பெரிய வித்தை இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

சாதாரண டி.வி.டி. ஒன்றில் 470 கோடி பைட் கொள்ளும். எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். படம் எத்தனை வினாடியோ அத்தனையால் வகுத்தால், ஒரு வினாடிக்கு எவ்வளவு பிட் என்று தெரிந்துவிடும். இதைத்தான் பிட்ரேட் என்கிறோம். மூன்று மணி நேரக் கேசட் என்றால் 10,800 வினாடி. வினாடிக்குச் சுமார் 35 இலட்சம் பிட். ஒன்பது மணி நேரத்தை அடைத்தால் 12 இலட்சம்கூடத் தேறாது. அதில் ஒலிக்கும் பங்கு போகவேண்டும். பழைய வி.சி.டி.யிலேயே படத்துக்கு மட்டும் 11.5 இலட்சம் பிட் இருந்தது. அதன் படமோ 352-க்கு 288 புள்ளி. டி.வி.டி. படம் 720-க்கு 576, ஏறக்குறைய நாலு மடங்கு. நாலு பேர் பந்தியில் ஒருத்தர் சாப்பாட்டைப் பரிமாறினால் எப்படி?

இதில் இன்னொன்று. டி.வி.டி.யின் எம்பெக்-2 முறை ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதாது. ஒன்றை முழுதாக எழுதி, அடுத்தடுத்து வருவதில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். உப்பளத்தைப் படம் எடுத்தால் அசைவே இல்லை, கொஞ்சம் பிட் போதும். அலையை எடுத்தால் எல்லாமே மாறுகிறது. பூத் தூவும் நேரமும் அலை மாதிரிதான்! வீட்டுக்காரர்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்களோ, அங்கேதான் பிட் பற்றாமல் படம் உடைகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு மணி நேரப் படத்துக்கு வினாடிக்கு 80 இலட்சம் பிட் தாராளமாகக் கொடுக்கலாம். டி.வி.டி.யில் படத்துக்கு உச்சவரம்பு 98 இலட்சம். அதை ஒட்டிப் போனால் பழைய பிளேயர்கள் திக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 48 இலட்சம் வைக்கலாம். மூன்று மணி நேரம் என்றால் இரண்டு தட்டாகப் பிரித்துவிடுவதே நல்லது. ஒரே தட்டுதான் வேண்டும் என்றால் 32 இலட்சம் வைத்து, இரண்டு பாஸ் வி.பி.ஆர். தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டத்தில் சாஃப்ட்வேர் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில் அங்கே பிட்டை அள்ளிக் கொடுக்கும். வி.எச்.எஸ். படத்தில் அகலவாட்டில் நுணுக்கம் குறைவு என்பதால், 352-க்கு 576 அளவில் எழுதினாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ஒலியை மறக்காதீர்கள். பி.சி.எம். என்று விட்டால் ஒலி மட்டுமே 15 இலட்சத்துக்கு மேல் விழுங்கிவிடும். ஏ.சி.-3 வைத்தால் 2 இலட்சத்தில் தாத்தா குரல் தெளிவாகக் கேட்கும்.

"ஏலே, இந்தக் காலத்துல எவம்லே டி.வி.டி. பாக்கான்?" என்று என் நண்பன் கேட்டான். எங்க ஆச்சி பார்க்கிறார்கள்! அவர்களுக்கு ரிமோட்டில் ஒரு பட்டன்தான் தெரியும். ஆனால் அவன் கேள்வியிலும் நியாயம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், டி.வி.டி. ஆச்சிக்கு, மூலப் பிரதி ஹார்டு டிஸ்க்குக்கு. கேசட்டிலிருந்து எடுத்த பெரிய ஃபைலை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். நாளைக்கு எந்தத் தட்டு வந்தாலும் அதிலிருந்து எழுதிக்கொள்ளலாம்.

"கெட்டுப்போனாலும் ஏ.ஐ. சரிபண்ணிடும்" என்பார்கள். பண்ணிப் பார்த்தேன். முகம் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் ஆச்சி உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்கள். தூக்கி எறிந்த பிட்டை யாராலும் திருப்பித் தர முடியாது. இல்லாததைக் கற்பனைதான் செய்யமுடியும்.

காலமும் அதிகம் இல்லை நண்பர்களே. வி.எச்.எஸ். பிளேயர் செய்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம் ஊர் உப்புக்காற்றில் நாடா பூசணம் பிடிக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. ஆச்சியின் கேசட் பரணில் இருந்ததால் பிழைத்தது. போன வருஷம் ஒரு பிளேயரை இரவல் வாங்கி அதை நானே மாற்றினேன். தாத்தா கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன்... மற்ற இரண்டும் போனது போனதுதான். மூச்சடக்கிய கதை சொன்ன முகம் இனி வராது.

கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. "எத்தனை தட்டு? என்ன பிட்ரேட்?" என்று அப்பா கேட்கவில்லை, அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படித்தான். படித்தவன் என்று நம்மைக் காட்டிப் பெருமைப்படும் வீட்டுக்கு, ஒரு வகுத்தல் கணக்காவது நாம் போட்டுத் தரவேண்டாமா?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஒரு வாரம் ஆய்வகத்தைக் கேட்டு வாங்குவோம். பழுது பார்த்த ஒரு பிளேயர், ஒரு கேப்சர் கார்டு, இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் போதும். மாணவர் வீட்டுக் கேசட்டுகளை நாமே மாற்றுவோம். எதை வைப்பது, எதை விடுவது என்று கடைக்காரரின் அவசரம் முடிவு செய்யக்கூடாது. அந்த முகங்களை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும்.

இன்று இரவே பரணில் ஏறிப் பாருங்கள், நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தகவல் தொடர்பியல் துறை