சாய்த்தால் இட்டாலிக் ஆகாது

எழுத்துக் கோக்கும் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஒரு பொத்தானைத் தட்டினால் போல்டு, இன்னொன்றைத் தட்டினால் இட்டாலிக், இரண்டையும் தட்டினால் போல்டு இட்டாலிக். டிடிபி கடைகளில் மட்டுமல்ல, பெரிய விளம்பர நிறுவனங்களிலும் இதே நம்பிக்கைதான். நிமிர்ந்த எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் தடிமனாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். இது முழுத் தவறு. கோடுகளின் முனையில் சிறு பாதம் வைத்த செரிஃப் எழுத்தைத் தலைப்புக்கோ சுவரொட்டிக்கோ பெரிதாகப் போடும்போது, இந்தத் தவறு பக்கத்தையே பாழாக்குகிறது.

இட்டாலிக், நிமிர்ந்த எழுத்திலிருந்து பிறந்ததே அல்ல. வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்துக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ அதை வெட்டினார். 1501இல் வெர்ஜிலின் கவிதைகள் முழுப் புத்தகமாக அந்த எழுத்திலேயே வெளிவந்தன. அக்கால இத்தாலியக் கல்விமான்கள் விரைந்து எழுதிய கையெழுத்துதான் அதற்கு மூலம். கவனியுங்கள், அதில் பெரிய எழுத்துகள் சாயவே இல்லை, நிமிர்ந்தே நின்றன. சாய்வுதான் இட்டாலிக் என்றால் கிரிஃபோ அவற்றை ஏன் அப்படி விட்டார்? பேனா தாளில் இறங்கி, ஏறி, அடுத்த எழுத்துக்கு நகரும் ஓட்டத்தைத்தான் அவர் உலோகத்தில் பிடித்தார். சாய்வு அந்த வேகத்தோடு வந்த ஒன்று.

போல்டு முந்நூறு ஆண்டு கழித்து, வேறொரு தேவையால் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களை லாட்டரி அறிவிப்புகளும் விளம்பரங்களும் நிறைத்தபோது, ராபர்ட் தார்ன் போன்ற வார்ப்பாளர்கள் 'ஃபேட் ஃபேஸ்' எனப்படும் கொழுத்த எழுத்துகளைச் செய்தார்கள். அவற்றை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். கொழுத்தவை செங்குத்துக் கோடுகள் மட்டுமே. மெல்லிய கோடுகள் மயிரிழையாகவே விடப்பட்டன. அந்த முரணில்தான் அவற்றின் அழகும் முரட்டுத்தனமும் இருக்கின்றன. 1922இல் சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக் போன்ற உருண்ட எழுத்துக்கும் இட்டாலிக் தனியாகவே வரையப்பட்டது.

கணினி என்ன செய்கிறது? தடிமனாக்கச் சொன்னால் எழுத்தின் விளிம்பு முழுவதும் ஒரே அளவு மை பூசுகிறது. மெல்லிய கோடும் கொழுக்கிறது, பாதங்கள் கட்டியாகின்றன, ஆங்கிலச் சின்ன எழுத்து 'ஈ'யின் கண் அடைபடுகிறது. சாய்க்கச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். வட்டமான ஆங்கில 'ஓ'வைச் சாய்த்துப் பாருங்கள்: மேல் வலப்புறமும் கீழ் இடப்புறமும் தடித்துக்கொள்ளும், மற்ற இரு மூலைகளும் மெலியும். எந்தப் பேனாவும் அப்படி எழுதாது. உண்மையான இட்டாலிக்கில் 'என்' ஒரு கொக்கியில் தொடங்கி மேல்நோக்கிய சிறு சுழிப்பில் முடியும். சாய்க்கப்பட்ட 'என்'னோ, தட்டையான பாதங்களை ஊன்றியபடியே சரிந்து நிற்கும். பத்துப் புள்ளி அளவில் இது கண்ணில் படாமல் போகலாம். இரண்டடி உயரத்தில் போட்டால் எதை மறைப்பது?

சாய்ந்த ரோமனே, அதாவது சாய்த்த நிமிர்ந்த எழுத்தே, இலட்சிய இட்டாலிக் என்று 1926இல் 'தி ஃப்ளூரன்' இதழில் வாதிட்டவர் சாதாரண ஆள் அல்ல, மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகர் ஸ்டான்லி மோரிசன். ஆனால் 1932இல் 'தி டைம்ஸ்' நாளிதழுக்காக அவர் மேற்பார்வையில் உருவான எழுத்தின் இட்டாலிக்கைப் பாருங்கள். 'ஏ'யின் மேல்கொக்கி போய் வயிறு மட்டும் இருக்கிறது. 'எஃப்' கோட்டுக்குக் கீழே வாலை இறக்குகிறது. வாதம் ஒரு பக்கம் போக, எழுத்து கையெழுத்தின் பக்கமே வந்து நின்றது. பாதமே இல்லாத யூனிவர்ஸ் எழுத்துகளை 1957இல் கொடுத்த ஏட்ரியன் ஃப்ருட்டிகர்கூட, சாய்ந்த வடிவங்களைக் கண்ணால் திருத்தித்தான் விட்டார். சாய்வை ஏற்றுக்கொண்டவர்களே அதை இயந்திரத்திடம் ஒப்படைக்கவில்லை. நாம் ஒப்படைக்கிறோம்.

நம் ஊர்ச் சுவரொட்டிகளில் தமிழ் எழுத்துக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்கு இட்டாலிக் என்று தனி வடிவம் கிடையாது. பொத்தானைத் தட்டினால் மென்பொருள் வெறுமனே தள்ளிச் சாய்க்கிறது. செங்கோணத்தில் நிற்கும் 'ப', 'ட' இரண்டும் சரியும் சுவரைப் போல ஆகின்றன. கூடவே செயற்கைத் தடிமனும் சேர்ந்தால் 'ண'வின் சுழிகள் அடைபட்டு எழுத்து கரும்புள்ளியாகிறது. நூல் பெயரையும் அழுத்தம் வேண்டிய சொல்லையும் காட்ட ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது, முறையாக வரைந்த தடித்த வடிவம் இருக்கிறது, அளவும் நிறமும் இருக்கின்றன. பிறகு எதற்கு இந்தத் தள்ளுமுள்ளு?

ஆங்கிலத் தலைப்புக்கு போல்டு இட்டாலிக் வேண்டுமென்றால், அந்த வடிவமும் தனியாக வரையப்பட்ட எழுத்துருக் குடும்பத்தை வாங்குங்கள். 'ஏ', 'எஃப்' இரண்டையும் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். வலைப்பக்கம் செய்பவர்கள் சிஎஸ்எஸ்ஸில் 'ஃபான்ட் சிந்தசிஸ்' என்பதை 'நன்' என்று வையுங்கள். உலாவி தானாகச் சாய்ப்பதும் தடிப்பாக்குவதும் நிற்கும். தமிழுக்கு இட்டாலிக் போன்ற ஒரு துணை வடிவம் வேண்டும் என்று நினைக்கும் வடிவமைப்பாளர்கள், நம்மவர்கள் அஞ்சலட்டையிலும் கணக்கு நோட்டிலும் வேகமாக எழுதிய கையெழுத்துகளை எடுத்து வைத்துக்கொண்டு வரையத் தொடங்கட்டும். எங்கே கோடு வளைகிறது, எங்கே சுழி சுருங்குகிறது, எந்த எழுத்து அடுத்ததைத் தொடுகிறது என்று அங்கே பார்க்கலாம். அப்படி வரைந்துவரும் எழுத்து சாயாமலே நின்றாலும் நிற்கட்டும்.