கொத்துப்படும் கோழிக்கு ஒரு பஞ்சாரம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு கோழி இரை எடுக்காமல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டால், பெரும்பாலும் அதற்கு இரண்டே முடிவுதான். ஒன்று சந்தை, இல்லாவிட்டால் குழம்புச் சட்டி. "மத்ததுக்கும் சீக்கு ஒட்டுறதுக்கு முன்னாடி அறுத்துடு" என்று பக்கத்து வீட்டு ஆலோசனையும் இலவசமாக வந்துவிடும். அது சீக்கா, இல்லை கூட இருக்கும் கோழிகள் கொடுக்கும் தொல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பழகினால் பல கோழிகள் பிழைக்கும்!

இன்றைய கொல்லை பழைய கொல்லை இல்லை நண்பர்களே. அந்தக் காலத்தில் ஒரே தாய்க்கோழி வழிவந்த நாலைந்து சிறுவிடைக் கோழிகள் மேய்ந்தன. இப்போது அதே இடத்தில் சிறுவிடை, பெருவிடை, கிராப்புக்கோழி, பண்ணையில் வாங்கிய கலப்பினம், ஆசைக்கு ஒரு ஜோடி வான்கோழி, காவலுக்குக் கின்னிக்கோழி என்று ஒரு கூட்டணி ஆட்சியே நடக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் தென்னையோடு ஆடு, மாடு, கோழியும் போயின. அப்படி இழந்த வீடுகள் மறுபடி கொல்லையை நிரப்ப, கிடைத்த இடத்தில் கிடைத்த கோழியைத்தான் வாங்க முடியும்.

வந்தாரை வாழவைப்பது தமிழ்நாட்டின் குணமாக இருக்கலாம்; கோழியின் குணம் அது இல்லை. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே இதை எழுதிவைத்தார். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. புதிதாக ஒன்று வந்தாலோ, பழையது ஒன்று போனாலோ அந்த வரிசை குலையும். மறுபடி அமையும்வரை அடிதடிதான். கடைசி இடத்தில் இருப்பது எல்லோரிடமும் கொத்து வாங்கும். அதற்குத் தீனி கிடைக்காது, நிழல் கிடைக்காது, தண்ணீரும் கடைசியில்தான். வியர்வைச் சுரப்பியே இல்லாத பறவைக்கு நம்மூர் கத்திரி வெயிலில் இது எவ்வளவு பெரிய தண்டனை!

பயத்திலேயே இருக்கும் கோழி முட்டையை நிறுத்திவிடும், அதன் நோய் எதிர்ப்பு சக்தியும் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டுக்கோழி ஒரு தடவைக்கு 12 முதல் 15 முட்டை வைக்கும், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை. ஒரு தடவை தவறினால் அடைக்கு வைக்க வேண்டிய முட்டையும், அதிலிருந்து வரவேண்டிய குஞ்சுகளும் சேர்ந்து போகின்றன. கிராமத்தில் கோழி என்பது வீட்டுப் பெண்களின் கையிருப்பு. பிள்ளைக்கு நோட்டு வாங்க, திடீர் மருந்துச் செலவுக்கு, யாரிடமும் கை நீட்டாமல் எடுக்கும் பணம். கோழியை அறுப்பவர் முதலையே எடுத்துச் சாப்பிடுகிறார்.

சரி, என்ன செய்யலாம்? விலை உயர்ந்த மருந்து எதுவும் வேண்டாம். முதலில் நோயா என்று பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தாலோ, கழுத்து திருகினாலோ வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அப்போது உடனே தனியாகப் பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். அது இல்லாமல் முதுகிலும் கொண்டையிலும் கொத்துக்காயம் மட்டும் இருந்தால், கழுவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவலாம். இரத்தச் சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் மேலும் கொத்தும் என்பதால் காயத்தை வெளியே தெரியவிடக் கூடாது.

அடுத்த படியில்தான் பலரும் தவறுகிறார்கள். கோழியை இருட்டு அறையில் பத்து நாள் அடைத்து வைத்து, தேறியதும் கூட்டத்தில் தூக்கிப் போடுகிறார்கள். அதற்குள் வரிசையில் அதன் இடம் போயிருக்கும், மறுபடி அடி. இதற்கு விடை நம் வீட்டிலேயே இருக்கிறது, அதுதான் பஞ்சாரம். கூட்டம் மேயும் இடத்திலேயே நிழலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே தீனியும் தண்ணீரும் வைத்தால் போதும். மூங்கில் இடுக்கு வழியாக ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. சில நாள் கழித்து, பொழுது சாய்ந்து மற்றவை கொடாப்பில் அடையும் நேரத்தில் சேர்த்துவிடலாம். தீனித் தட்டு இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். அப்படியும் ஒரு கோழி மட்டும் விரட்டினால் பஞ்சாரத்துக்குள் போக வேண்டியது அந்த ரவுடிதான். சில நாள் கழித்துத் திரும்பும்போது அதன் அதிகாரம் குறைந்திருக்கும். சந்தையில் வாங்கிய கோழி என்றால் மூன்று வாரமாவது முற்றிலும் தனியே வைத்துப் பார்த்த பிறகே இந்தப் பஞ்சார அறிமுகம். வான்கோழிக்குத் தனி இடமே நல்லது. கோழியை அவ்வளவாகப் பாதிக்காத கருந்தலை நோய் அதைக் கொன்றுவிடும்.

2018இல் தமிழக அரசு கிராமப்புறப் பெண்களுக்குத் தலா 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் ஏற்கெனவே நாலைந்து கோழி இருக்கும் கொல்லையில் 50 புதியவர்கள் நுழைந்தால் என்ன நடக்கும்? குஞ்சு கொடுக்கும் எந்தத் திட்டமும் கலந்து வளர்க்கும் விதத்தையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் பத்து நிமிடம் ஒதுக்கினாலே போதும். புதுக்கோட்டையிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். தாய்க்கோழி மிதித்தால் சாகாதுதான். ஊர் பேர் தெரியாத பத்து கோழி சேர்ந்து கொத்தினால் பெரிய கோழியே சாகும். அதைத் தடுப்பது வளர்ப்பவர் கையில் இருக்கிறது.