பெண் வேடத்தில் ஆண்: கதவு இருபுறமும் திறக்குமா?

லண்டன், நியூயார்க் நகரங்களின் இசை நாடகங்களில் பெண் பாத்திரத்தை ஆணுக்குக் கொடுப்பது சரிதானா என்ற கேள்வி எழுந்துள்ளது. ஸ்திரீபார்ட் நடிகர்களைக் கண்ட நம் நாட்டுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. ஆனால் காரணம் வேறு.

'மட்டில்டா' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ரோல்ட் டால் 1988-ல் எழுதிய சிறுவர் நாவலை ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு 2010-ல் இசை நாடகமாக மேடையேற்றியது. கதாநாயகி ஒரு சிறுமி. அவளை எதிர்த்து நிற்பவள் கொடுமைக்காரத் தலைமை ஆசிரியை டிரஞ்ச்புல். சங்கிலிக் குண்டு எறிவதில் பேர் பெற்றவள். இந்த வேடத்தை பெர்ட்டி கார்வெல் என்ற நடிகர் ஏற்று, 2012-ல் லண்டனின் ஒலிவியர் விருதையும் பெற்றார். அவருக்குப் பின்னரும் பெரும்பாலும் ஆண்களே இதில் நடித்தனர். பிள்ளைகளை நடுங்க வைக்கும் தோற்றமும் சிரிப்பும் ஆண் நடித்தால்தான் ஒருசேர அமையும் என்பது ஆதரிப்போர் வாதம்.

அந்த வாதம் முழுவதும் நிற்கவில்லை. 2022-ல் வெளிவந்த திரைப்படத்தில் அதே வேடத்தை எம்மா தாம்சன் ஏற்றார். ஆகவே இது பெண்ணால் முடியாத வேடம் அல்ல. வயதில் மூத்த நடிகைகளுக்கு ஏற்ற கனமான வேடம் ஒன்று கைமாறினால் நஷ்டம் யாருக்கு என்பதே கேள்வி.

மும்பைத் தமிழர்கள் வாழும் மராட்டிய மண்ணின் மேடை வரலாறு இதற்கு நல்ல பாடம். குடும்பப் பெண்கள் நடிப்பதைச் சமூகம் ஏற்காத நாளில், பால கந்தர்வர் போன்றோர் பெண் வேடம் கட்டினர். அவருடைய புடவைக் கட்டையும் அலங்காரத்தையும் பெண்களே பின்பற்றினர். 1929-ல் ஹீராபாய் படோதேகர் சொந்தக் குழு அமைத்து, பெண் வேடங்களில் பெண்களையே நிறுத்தினார். பால கந்தர்வரின் கலையில் குறை இருந்ததால் அல்ல. மூடிய கதவைத் திறக்க வேண்டியிருந்ததால்.

கதவு இருபுறமும் திறந்தால் நிலைமை மாறும். 1970-ல் அரங்கேறிய 'கம்பெனி' என்ற அமெரிக்க இசை நாடகம் 2018-ல் லண்டனில் புதிதாகத் தயாரிக்கப்பட்டபோது, கதாநாயகன் பாபி பெண்ணாக மாற்றப்பட்டார். ஏமி என்ற துணைப் பாத்திரம் ஜேமி என்ற ஆணாயிற்று. ஒரு வேடம் ஆணுக்குப் போனது. அதைவிடப் பெரிய வேடம் பெண்ணுக்கு வந்தது. ஜேமியாக நடித்த ஜோனதன் பெய்லி 2019-ல் துணை நடிகருக்கான ஒலிவியர் விருது பெற்றார்.

தமிழர்களும் இரண்டையும் கண்டவர்களே. டி.கே. சண்முகம் மேடையில் அவ்வையாராக நடித்து, 'அவ்வை' சண்முகம் என்றே பெயர் பெற்றார். கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். மக்கள் இருவரையும் ஏற்றனர்.

ஆகவே குறை ரசிகரிடம் இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் தயாரிப்பாளர்கள். ஒரு ஸ்திரீபார்ட்டை ஆணுக்குக் கொடுப்பவர்கள், ஒரு ராஜபார்ட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். இல்லையேல் பழைய தடைக்குப் புதுப் பெயர் வைத்ததாகவே முடியும்.