பாலம் ஆடினால் ஆபத்தா? பாலாறு முதல் மோர்பி வரை... முழு விளக்கம்

அணைக்கட்டிலிருந்து வேலூர் வந்து, காட்பாடியில் ரயிலைப் பிடிக்க பஸ் மாறுகிறீர்கள். பாலாற்றுப் பாலத்தில் டிராஃபிக், பஸ் நிற்கிறது. பக்கத்தில் ஒரு லோடு லாரி கடக்கும்போது காலுக்குக் கீழே லேசாக ஒரு அதிர்வு. 'என்னடா இது, பாலம் ஆடுதே?' என்று மனசு திக்கென்கிறது.

பாலம் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு.

ஏன் அதிர்கிறது?

லாரி ஏறும்போது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி துளியளவு வளையும். இறங்கியதும் நிமிரும். ஓடும் வண்டி குதித்துக் குதித்துப் போவதால், நிற்கும் வண்டியைவிட கூடுதல் சுமை தரும். இதற்கும் கணக்கு உண்டு. இந்திய சாலை காங்கிரஸின் ஐஆர்சி 6 விதிப்படி, 'கிளாஸ் ஏ' வாகனச் சுமைக்கு 30 மீட்டர் கான்கிரீட் பாலத்தில் 12.5% கூடுதலாகச் சேர்க்க வேண்டும். 9 மீட்டர் என்றால் 30%.

ஆனால் இணைப்புகள் பழுதானால் சக்கரம் 'டமார்' என்று இறங்கும், அடியும் அதிகமாகும். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை 2022 ஜூனில் மூடி இணைப்புகளைச் சரிசெய்தது ஞாபகம் இருக்கலாம்.

தொங்கு பாலம் ஏன் அதிகம் ஆடுகிறது?

வீட்டுக் கொடிக்கயிற்றில் ஒரு ஓரமாக ஈர வேட்டியைப் போட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் தாழும், மறுபக்கம் தூக்கும். தொங்கு பாலத்தின் கேபிளும் அப்படித்தான். சுமை நகர நகர அதன் வடிவமே மாறும். பாலம் எவ்வளவு லேசானதோ, அவ்வளவு ஆட்டம்.

அதோடு தாளமும் சேர்ந்தால் சிக்கல். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரம் கூடுமே, அதுதான் ஒத்ததிர்வு. 1831-ல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்கு பாலம், படைவீரர்கள் ஒரே சீராக நடந்தபோது சரிந்தது. 2000 ஜூனில் திறந்த லண்டன் மில்லேனியம் பாலம், மக்கள் நடந்ததிலேயே பக்கவாட்டில் ஆடியது. உடனே மூடி, அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்தி, 2002-ல்தான் திறந்தார்கள்.

மோர்பியில் நடந்தது என்ன?

2022 அக்டோபர் 30. குஜராத்தின் மோர்பியில், மச்சு ஆற்றின் மேல் இருந்த பழைய தொங்கு பாலம் அறுந்து 135 பேர் பலியானார்கள். பழுதுபார்த்துத் திறந்து நான்கே நாள்தான் ஆகியிருந்தது. சிலர் பாலத்தை ஆட்டும் வீடியோக்கள் பரவின, பழி அவர்கள் மேல் விழுந்தது.

சிறப்பு விசாரணைக் குழு சொன்னது வேறு. ஒரு முக்கிய கேபிளில் இருந்த 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்துப் போயிருந்தன. திறப்பதற்கு முன் பாரச் சோதனையும் நடக்கவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. அன்று பாலத்தில் இருந்தவர்கள் சுமார் 300 பேர்.

ஆட்டம் அங்கே கடைசி அடி மட்டும்தான். பாதிக் கம்பி போன கேபிளை யாரும் பார்க்காமல் டிக்கெட் கொடுத்ததுதான் குற்றம்.

நீங்கள் என்ன கவனிக்கலாம்?

வழக்கமான பாலத்தில் திடீரென ஆட்டம் கூடினாலோ, இணைப்பில் பள்ளம், கம்பி வெளியே தெரிவது போன்றவை கண்ணில் பட்டாலோ நெடுஞ்சாலைத் துறைக்கோ, கலெக்டர் ஆபீஸுக்கோ புகார் கொடுங்கள். சுற்றுலா போகும் இடத்தில் தொங்கு பாலம் இருந்தால், எத்தனை பேருக்கு அனுமதி என்ற போர்டைத் தேடுங்கள். கூட்டம் நெரிந்தால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.