அந்த 100 கிராமும் நம்ம வாயும்

2024 ஆகஸ்ட் 7, மத்தியானம். கிளாஸ் நடந்துட்டிருக்கும்போதே கடைசி பெஞ்சுல போன் கை மாறிக்கிட்டே இருந்துச்சு. வினேஷ் போகத் டிஸ்குவாலிஃபைட். முதல்ல யாரும் நம்பல. முந்தின நாள் ராத்திரிதான் ஹாஸ்டல் டிவி ரூம்ல கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. யூய் சுசாகி, டோக்கியோவில் ஒரு புள்ளி கூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கியவர், சர்வதேசப் போட்டிகளில் தோல்வியே பார்க்காதவர். அவரை முதல் சுற்றிலேயே கடைசி நொடிகளில் சாய்த்துவிட்டு, காலிறுதி, அரையிறுதி என்று ஒரே நாளில் மூணு பேரைத் தாண்டி வந்தார் வினேஷ். மறுநாள் காலையில் எடை மெஷின் 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் காட்டியது. கதை முடிஞ்சது.

100 கிராம்னா 50 கிலோவில் 0.2 சதவீதம். நம்ம லேபில் 5 சதவீதம் எர்ரர் வந்தாலே "பரவால்ல, எழுதிக்கோ"ன்னு ரெக்கார்டில் ஏத்திடுறோம்.

அன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள வாட்ஸ்அப் முழுக்க எல்லாரும் டாக்டர். "முடியை வெட்டியிருக்கலாமே", "ஒரு நைட்டு சாப்பிடாம இருக்க முடியலையா", "சதி நடந்திருக்கு", "கோச்சுக்கு அறிவில்லையா". முடியை வெட்டினார்கள், உடையையும் வெட்டிச் சிறிதாக்கினார்கள். நம்ம அணியின் தலைமை மருத்துவர் தின்ஷா பர்திவாலா அதை வெளிப்படையாகவே சொன்னார். அரையிறுதி முடிஞ்சப்போ எடை 2.7 கிலோ கூடுதல். விடிய விடியத் தண்ணீரோ சாப்பாடோ இல்லாமல் வேர்க்கவைத்து 2.6 கிலோவை இறக்கினார்கள். மிச்சம் இருந்தது ஒரு டீ கிளாஸ் அளவு தண்ணீர்.

இப்ப இதோட இன்னொரு ராத்திரியையும் வச்சுப் பாருங்க. வினேஷுக்கு நடந்த அடுத்த நாள், அதே பாரிஸ். அமன் செஹ்ராவத், வயசு 21, 57 கிலோ பிரிவு. அரையிறுதியில் தோற்றபோது அவர் எடை கிட்டத்தட்ட 61.5 கிலோ. மறுநாள் வெண்கலத்துக்கான ஆட்டத்துக்கு முன்னால் 57-க்குள் வந்தாக வேண்டும். மறுபடி மேட்டில் பயிற்சி, வெந்நீர்க் குளியல், சானா, டிரெட்மில். தூக்கம் கிடையாது. சுமார் 10 மணி நேரத்தில் நாலரை கிலோவுக்கு மேல் இறக்கி, எடை போட்டு, விளையாடி, பதக்கமும் வாங்கினார். தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய இந்தியர்களிலேயே வயசில் சின்னவர் ஆனார். நம்ம ஸ்டேட்டஸ் எல்லாம் "டெடிகேஷன்னா இது", "10 மணி நேரத்தில் 4.6 கிலோ, நீங்க என்ன பண்ணீங்க?". மோட்டிவேஷன் பேஜ்கள் பின்னணி இசை போட்டு ரீல்ஸ் விட்டன.

ரெண்டு பேரும் செஞ்சது ஒரே வேலை. ஒருத்தருக்கு வேலை செஞ்சது, அதனால் தியாகம். இன்னொருத்தருக்கு டீ கிளாஸ் அளவு மிச்சமாயிடுச்சு, அதனால் அலட்சியம். இந்த வேலையையே ஒருத்தரைச் செய்ய வைக்கலாமா என்ற கேள்வியை மட்டும் நாம யாரும் கேட்கல. நானும் கேட்கல, அமன் ரீலை ஷேர் பண்ணவன்தான் நான்.

இதை 'எடை குறைக்கிறது'ன்னு சொல்றதே கொஞ்சம் ஏமாத்து. ஒரு ராத்திரியில் கொழுப்பு கிலோக்கணக்கில் கரையாது. போறது தண்ணி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அவ்வளவுதான் கணக்கு. தண்ணீர் குறைஞ்சா ரத்தத்தின் கன அளவு குறையும், அதே வேலைக்கு இதயம் வேகமாக அடிக்கணும், உடம்புச் சூட்டை வெளியே தள்ள வேர்வை இருக்காது, கிட்னி திணறும். தெர்மோடைனமிக்ஸ் படிச்சவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கூலன்ட்டை இறக்கிட்டு இஞ்சினை ஃபுல் லோடில் ஓட்டுறோம்.

இஞ்சின் சீஸ் ஆனதும் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் நவம்பர், டிசம்பரில் 33 நாளைக்குள் மூணு மல்யுத்த வீரர்கள் இப்படி எடை இறக்கும்போதே செத்துப்போனார்கள். மூணு பேரும் காலேஜ் பசங்க, நம்ம வயசு. ரப்பர் சூட் போட்டுக்கிட்டு, சூடான அறையில், தண்ணி குடிக்காம சைக்கிள் மிதிச்சவங்க. அதுக்கப்புறம்தான் அங்கே கல்லூரி விளையாட்டு அமைப்பு விதியை மாற்றியது. சானாவும் ரப்பர் சூட்டும் தடை. சீசன் ஆரம்பத்திலேயே உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர்ச் சத்து சரியா இருக்கா என்று சோதித்து, இதுக்குக் கீழே நீ இறங்கக் கூடாது என்று குறைந்தபட்ச எடையை நிர்ணயம் செய்வது. எடை பார்ப்பதையும் ஆட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், அப்போதான் காயப்போட்டுட்டு வர்றவனுக்கு லாபம் இருக்காது.

சர்வதேச மல்யுத்தத்திலும் இந்த நோக்கத்தோடுதான் விதியை மாத்தினாங்க. முன்னெல்லாம் முந்தின நாளே எடை போடுவாங்க, ராத்திரி முழுக்கச் சாப்பிட்டுத் தேத்திக்கலாம். இப்போ போட்டி நாள் காலையிலும், அடுத்த நாள் ஆட்டம் இருந்தால் அன்று காலையிலும் எடை. காகிதத்தில் நல்ல விதி. ஆனா ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருப்பது ஆறே ஆறு பிரிவு: 50, 53, 57, 62, 68, 76. உலக சாம்பியன்ஷிப்பில் பத்துப் பிரிவு உண்டு. 53-இல் இந்தியாவுக்கான இடத்தை அந்திம் பங்கால் ஏற்கெனவே வாங்கிவிட்டார். வினேஷ் முன்னால் இருந்த வழி ஒன்று 57-க்கு ஏறுவது, இல்லை 50-க்கு இறங்குவது. அவர் இறங்கினார். ரெண்டாவது எடை மெஷின் யாரையும் தடுத்து நிறுத்தல, ஒரு ராத்திரி பட்டினியை ரெண்டு ராத்திரி ஆக்கினதுதான் மிச்சம்னு எனக்குத் தோணுது. விளையாட்டுத் தீர்ப்பாயம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. விதி விதிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. எடையைப் பார்த்துக்கொள்வது வீராங்கனை, பயிற்சியாளர் பொறுப்பு என்று நம்ம ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா சொன்னாரே, அங்கேதான் எனக்கு இடிக்குது. தப்பு யார் மேலன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டா, அடுத்த ஒலிம்பிக்குக்கு என்ன மாத்தப் போறோம்?

சரி, இது எடைப் பிரிவு இருக்கும் விளையாட்டு. எடைப் பிரிவே இல்லாத கிரிக்கெட்டுக்கு வாங்க. அங்க எடை மெஷின் நாமதான்.

2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபி நடக்கும்போது காங்கிரஸ் செய்தித் தொடர்பாளர் ஒருவர், ரோகித் சர்மா ஒரு விளையாட்டு வீரருக்கு ரொம்பக் குண்டு என்று ட்வீட் போட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுத்துட்டாங்க. நாடே கொதிச்சது. மார்ச் 9 இறுதிப் போட்டியில் ரோகித் 76 அடிச்சு ஆட்ட நாயகன் ஆனதும் "பாத்தீங்களா!"ன்னு கொண்டாடினோம். நல்லது. ஆனா அவரை 'வடாபாவ்'னு வருஷக்கணக்கா கூப்பிட்டது யாரு? அரசியல்வாதி சொன்னா பாடி ஷேமிங், நம்ம குரூப்பில் சொன்னா மீமா? அந்த 76-ஐ அவர் அடிக்காம டக் அவுட் ஆகியிருந்தா அந்த ட்வீட்டை நாமே தோண்டி எடுத்து "கரெக்டாதான் சொன்னாங்க"ன்னு போட்டிருப்போம். பொய்னா சொல்லுங்க.

சர்ஃபராஸ் கான் கதை இதைவிட மோசம். ரஞ்சியில் மலை மலையா ரன் குவிச்சும் பல வருஷம் வாசலில் நின்றார். 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் வாய்ப்புக் கிடைச்சது, முதல் டெஸ்ட்டிலேயே ரெண்டு அரைசதம். அதே வருஷம் அக்டோபரில் பெங்களூரில் நியூசிலாந்துக்கு எதிரா 150. அப்பவும் கமெண்ட் முழுக்க வயிறு பத்திதான். 2025-இல் இங்கிலாந்து டூருக்கு எடுக்கல. ரெண்டு மாசத்தில் 17 கிலோ குறைச்சதா செய்தி வந்தது, ஒல்லியான போட்டோவும் வந்தது. உடனே "இப்பதான்யா ப்ளேயர் மாதிரி இருக்கான்". அந்த 150-ஐ அடிச்சப்போ எது மாதிரி இருந்தாராம்?

ஃபிட்னஸே கேட்கக் கூடாதுன்னு நான் சொல்லல. நாட்டுக்கு ஆடுறவங்ககிட்ட கேட்கலாம், கேட்கணும். அதுக்கு யோ-யோ டெஸ்ட் இருக்கு, ஸ்பிரின்ட் டைம் இருக்கு, ஸ்லிப்பில் நின்னா கேட்ச் பிடிக்கிறாரா என்கிற கணக்கு இருக்கு. டைட் ஜெர்சியில் சைடு ஆங்கிளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அந்த லிஸ்ட்டில் இல்லை.

இந்த ஸ்கிரீன்ஷாட் டாக்டர்களுக்குப் பிடிச்ச ஃபார்முலா பி.எம்.ஐ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கணும். 19-ஆம் நூற்றாண்டில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் மக்கள் தொகையின் சராசரியைப் புரிஞ்சுக்கப் போட்ட கணக்கு அது. அவர் யாருக்கும் வைத்தியம் பார்க்க உட்காரல. 1972-இல் ஆன்சல் கீஸ்தான் அதுக்கு இப்போதைய பேரைக் கொடுத்தார். அந்த எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எதுன்னு தெரியாது. இலோனா மேயர்னு அமெரிக்க ரக்பி வீராங்கனை, 5 அடி 10 அங்குலம், 200 பவுண்ட். பி.எம்.ஐ. 30-ஐத் தொடுற அளவு. கமெண்ட்டில் ஒருத்தன் அதைக் குத்திக்காட்ட, ஆமா, பள்ளிக்கூடத்திலிருந்தே நான் அந்தக் கணக்குப்படி ஓவர்வெயிட்தான் என்று வீடியோவில் பதில் சொன்னாங்க. அப்புறம் பாரிஸ் போய் வெண்கலம் வாங்கிட்டு வந்தாங்க. ஜார்ஜியாவின் பளுதூக்கும் வீரர் லாஷா தலகாட்சே மூணு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம். பஸ்ஸில் பக்கத்துல உட்கார்ந்தா அவருக்கு வாக்கிங் போகச் சொல்லி அட்வைஸ் பண்ணியிருப்போம்.

மறுபக்கமும் இருக்கு. ஒல்லியா இருந்தா ஆரோக்கியம்னு நினைக்கிறோமே, மேரி கேய்ன் சொன்னதைக் கேட்கணும். அமெரிக்காவின் அதிவேக டீன் ஏஜ் ஓட்டக்காரி. இன்னும் ஒல்லியாகு, இன்னும் ஒல்லியாகு என்று பயிற்சிக் குழுவில் நெருக்கினார்கள் என்று 2019-இல் வெளியே சொன்னார். மூணு வருஷம் பீரியட்ஸ் வரல. அஞ்சு எலும்பு முறிஞ்சது. செலவாகும் சக்திக்குச் சாப்பாடு ஈடுகொடுக்காவிட்டால் உடம்பு முதல்ல ஹார்மோனை நிறுத்தும், அப்புறம் எலும்பிலிருந்து எடுக்கும். ஒலிம்பிக் கமிட்டியே 2014-இல் இதுக்கு ரெட்-எஸ் என்று பேர் வச்சு எச்சரிச்சிருக்கு. வெளியிலிருந்து பார்த்தா? "சூப்பர் ஃபிட்." நம்ம கேர்ள்ஸ் ஹாஸ்டலில் அத்லெட்டிக்ஸ் டீம்ல இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு ஒரு நிமிஷம் யோசிச்சா போதும்.

இதெல்லாம் எங்கேயோ நடக்குற விஷயம்னு நான் எழுத உட்காரல. எங்க ஃப்ளோர்ல ஒரு பையன் பவர்லிஃப்டிங். பேர் வேண்டாம், அவனுக்குத் தெரியும். 66 கிலோ பிரிவு, மேட்ச்சுக்கு ரெண்டு நாள் முன்னால எடை 68.4. சித்திரை வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெயின்கோட் மாட்டிக்கிட்டு கிரவுண்ட்ல ஓடினான். ரூமில் உட்கார்ந்து பாட்டில்ல எச்சில் துப்பிக்கிட்டே இருந்தான். நாங்க என்ன பண்ணோம்? வீடியோ எடுத்தோம். அவன் முன்னாடி ஜூஸ் குடிச்சுக் காட்டிச் சிரிச்சோம். அந்த வீடியோவுக்குக் கேப்ஷன் போட்டது நான். ராத்திரி பாத்ரூம் போற வழியில் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டான், கை விரல் இழுத்துக்கிச்சு. எழுப்பினா "தண்ணி மட்டும் குடுத்துடாதீங்கடா, கெஞ்சிக் கேட்டுக்குறேன்"ங்கிறான். நாங்களும் கொடுக்கல. அவன் சொன்னதைக் கேட்டதுதான் நட்புன்னு நினைச்சோம்.

காலையில் எடை 65.8. எல்லாரும் கை தட்டினோம். ஸ்குவாட் மூணு அட்டெம்ப்ட்டும் ஃபெயில். வழக்கமா வார்ம்-அப் பண்ற வெயிட்டே தொடையைப் பிடிச்சு இழுத்துடுச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தன், "74-லேயே போயிருக்கலாம்ல, எதுக்கு இந்த வேலை"ன்னான். ரெண்டு நாளா இதை அவன்கிட்ட ஒருத்தர் கூடச் சொல்லல, டீமோட போன பெரியவங்க உட்பட.

ஜோனல் ட்ரையல்ஸ் மறுபடி வருது. பவர்லிஃப்டிங், பாக்ஸிங், ஜூடோ, வெயிட் கபடின்னு எடை பார்த்து ஆடுற எல்லா டீம் கேப்டன்களும் சேர்ந்து பி.டி. சார்கிட்ட ஒரு லெட்டர் கொடுக்கப் போறாங்க. கேக்குறது ரெண்டே விஷயம்: செமஸ்டர் ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் எடை எடுத்து, யார் எந்தப் பிரிவுன்னு அப்பவே முடிவு பண்ணணும், மேட்ச்சுக்கு முந்தின ஒரு வாரம் ரெயின்கோட் ஓட்டத்துக்கு கிரவுண்ட்ல அனுமதி கூடாது. லெட்டர் டிராஃப்ட் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி ரூம்ல இருக்கு, கையெழுத்துப் போட டீம்ல இருக்கணும்னு அவசியம் இல்லை. நான் போட்டுட்டேன். அந்த வீடியோவையும் அழிச்சுட்டேன், ஆனா ஏற்கெனவே நாலு குரூப்புக்குப் போயிருக்கு. உங்க போன்ல இருந்தா நீங்களும் அழிச்சிடுங்க.