கத்தி செய்யலாம்; துப்பாக்கியைத் தொடலாமா?

பட்டுக்கும் கோவிலுக்கும் பெயர் போன ஊர் காஞ்சீபுரம். அந்த ஊருக்கும் ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும்.

சம்பந்தம் உண்டு. ஆயுத பூஜை அன்று நெசவாளர் வீட்டில் தறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நாடாவும் அச்சும் பூஜையில் இருக்கும். அவற்றோடு அரிவாள்மணையும் கத்தியும் சுத்தியலும் இருக்கும். அதே ஊரில் அட்டபுயகரம் என்ற வைணவத் திருத்தலம் இருக்கிறது. அங்குள்ள பெருமாளுக்கு எட்டுக் கைகள். சக்கரம், வாள், அம்பு, வில், கேடயம், கதை எல்லாம் அந்தக் கைகளில் உண்டு.

ஆயுதத்தைக் கும்பிடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் இப்போது வேறு ஓர் ஆசை வாலிபர்களிடையே பரவி வருகிறது. கையில் இருக்கும் டெலிபோனிலேயே படம் பார்த்து, வீட்டுக் கொல்லையில் கத்தி செய்கிறார்கள். பழைய ரம்பத் தகடும், லாரி ஸ்பிரிங் பட்டையும் போதும். மலை ஏறப் போகிறவர்கள் தங்கள் கத்தியையும் விளக்கையும் தாங்களே செப்பனிட்டுக்கொள்கிறார்கள். சிலருக்கு அதோடு ஆசை அடங்குவதில்லை. ‘ஏர் கன்’ என்னும் காற்றுத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இது நல்ல பொழுதுபோக்கா? அல்லது ஜெயிலுக்கு வழியா? இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பெற்றோர்களுக்கும் தெரியவேண்டும். பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும்.

உலகம் வியந்த உருக்கு

இரும்பு வேலை தமிழ்நாட்டின் பழைய தொழில். ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் என்ற ஊர் உண்டு. அங்கே மண்ணைத் தோண்டியபோது, பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்கள் கிடைத்தன.

தென்னாட்டு உருக்கை வெள்ளைக்காரர்கள் ‘ஊட்சு’ என்று அழைத்தார்கள். மின்சார ஆராய்ச்சியில் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, 1819-ம் ஆண்டில் இந்த உருக்கைச் சோதித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அவர் ஒரு கொல்லரின் மகன்.

இன்றும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. கல்லைச் செதுக்கும் உளி மழுங்கினால், அதைக் காய்ச்சி அடித்துக் கூர் ஏற்றக் கொல்லன் உலைதான் வேண்டும். மாமல்லபுரத்தில் சிற்பம் செதுக்குவோரின் கைவேலை கொல்லனின் கைவேலையை நம்பித்தான் நடக்கிறது.

ஒரு கத்தி செய்வதில் எவ்வளவோ பாடம் இருக்கிறது. இரும்பைச் செக்கச் செவேல் என்று காய்ச்சவேண்டும். சுமார் 770 டிகிரி சூட்டில் காந்தம் அதை இழுக்காது. அதையும் சற்றுத் தாண்டிக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால் உருக்கு இறுகும். ஆனால் கண்ணாடி போல உடையும். மறுபடியும் சுமார் 200 டிகிரி சூட்டில் வைத்து எடுத்தால்தான் பதம் வரும். பொறுமையும் கணக்கும் விஞ்ஞானமும் சேர்ந்த வேலை இது. இதைக் கற்கும் பிள்ளையைத் திட்டவேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது?

வெள்ளைக்காரன் காலத்தில், 1878-ல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க லைசென்சு வாங்கவேண்டும், வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1962 அக்டோபர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. இன்றும் அந்தச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் 2016-ல் புதிய விதிகள் வகுக்கப்பட்டன.

கத்தியைப் பற்றி விதி கூறுவது இதுதான். அலகு 9 அங்குல நீளத்துக்கு மேலோ, 2 அங்குல அகலத்துக்கு மேலோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் சேரும். வீட்டு வேலைக்கும், விவசாயத்துக்கும், விஞ்ஞானத்துக்கும், தொழிலுக்கும் செய்யப்பட்டவை இதில் சேரா. ஆகவே வாழைத்தார் வெட்டும் அரிவாளுக்குப் பயம் இல்லை. காய்கறி நறுக்கும் கத்திக்கும் பயம் இல்லை. போர்வாள் போல நீளமாக ஒன்றைச் செய்துவிட்டு, “அழகுக்குச் செய்தேன்” என்றால் அந்தச் சமாதானம் எடுபடாது. சர்க்கார் அறிவிக்கும் பகுதிகளில் இப்படிப்பட்ட ஆயுதத்தை வைத்திருக்கவும் லைசென்சு வேண்டும்.

அளவு மட்டும் முக்கியம் அல்ல, நோக்கமும் முக்கியம். சின்னக் கத்தியே ஆனாலும், அதைக் காட்டி ஒருவரை மிரட்டினால் குற்றம்தான்.

துப்பாக்கி சமாசாரம் வேறு

கத்திக்கு இடம் கொடுக்கும் சட்டம், துப்பாக்கிக்கு இம்மியும் இடம் கொடுக்கவில்லை. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி செய்யக்கூடாது. விற்கக்கூடாது. பழுது பார்க்கவும் கூடாது. குழலை அறுத்துக் குட்டையாக்குவது குற்றம். விளையாட்டுத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதும் குற்றம்.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை லைசென்சு இல்லாமல் துப்பாக்கி செய்தால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். இப்போது குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். லைசென்சு உள்ளவரும் முன்பு மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. 21 வயது நிரம்பாதவருக்கு லைசென்சு கிடையாது.

காற்றுத் துப்பாக்கியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குழல் 4.5 மில்லி மீட்டருக்கு மேல் இருந்தாலோ, குண்டு வெளிப்படும் வேகத்தின் சக்தி 20 ஜூலுக்கு மேல் போனாலோ லைசென்சு வேண்டும். “கொஞ்சம் கூடுதலாகச் சீறட்டுமே” என்று ஸ்பிரிங்கை மாற்றுகிற பையன், தன்னை அறியாமலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மருந்து வெடிக்கும்போது குழலுக்குள் பயங்கரமான அழுத்தம் உண்டாகிறது. தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியைக் கூடுதல் மருந்து போட்டு வெடித்துச் சோதித்த பிறகே வெளியே அனுப்புகிறார்கள். திருச்சியில் 1966 முதல் நடந்துவரும் துப்பாக்கித் தொழிற்சாலையில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் கிடைத்த குழாய்க்கு அந்தச் சோதனை ஏது? அது வெடித்துச் சிதறினால் முதலில் போவது செய்தவன் கையும் கண்ணும்தான்.

அரிவாளால் வெட்டிய கேக்

2018 பிப்ரவரியில் காஞ்சீபுரம் மாவட்டம் மாங்காட்டை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழா நடந்தது. அரிவாளால் கேக் வெட்டினார்கள். போலீசார் சுற்றி வளைத்து, 70-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் போட்டு மாட்டிக்கொண்ட வாலிபர்கள் பலர். அவர்களில் எல்லோரும் ரவுடிகள் அல்ல. வேடிக்கை என்று நினைத்தார்கள். வழக்கு வந்த பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. பாஸ்போர்ட்டு வாங்க முடியவில்லை என்று அலைவதுதான் மிச்சம்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுவதும் போலீசார் அதிரடிச் சோதனை நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகளும் அரிவாள்களும் சிக்கின. அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு, கத்தி செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு யோசனை சொல்லச் செய்தார். வாங்குகிறவரின் பெயர், விலாசம், எதற்காக வாங்குகிறார் என்பதை எழுதி வைக்கவேண்டும் என்பதே அது.

இதில் நன்மை உண்டு. நாளைக்கு ஒரு குற்றம் நடந்தால், “யாருக்கு விற்றேன் என்று என்னிடம் கணக்கு இருக்கிறது” என்று கொல்லர் தைரியமாகச் சொல்லலாம். கஷ்டமும் உண்டு. நாற்று நடும் அவசரத்தில் அரிவாள் வாங்க வரும் விவசாயியை விலாசம் கேட்டு நிறுத்தினால், அவர் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்விடுவார். நஷ்டம் நேர்மையான கொல்லருக்கு. ஆகவே எல்லாக் கத்திக்கும் கணக்கு என்பதைவிட, வீட்டுக்கும் வயலுக்கும் தேவைப்படாத நீண்ட கத்திக்கு மட்டும் கணக்கு என்று வைத்தால் இருவருக்கும் நல்லது.

துப்பாக்கியை விட்டவர்கள்

துப்பாக்கி என்றால் ஊர் மக்களுக்கு முதலில் நினைவு வருகிறவர்கள் நரிக்குறவர்கள். நாட்டுத் துப்பாக்கியால் கொக்கும் காடையும் சுட்டுப் பிழைத்தவர்கள். 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அவர்கள் ஊசியும் பாசிமணியும் விற்பதையே நம்பவேண்டியதாயிற்று. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்ற அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை 2023-ல்தான் நிறைவேறியது.

ஒரு சமூகத்தின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொள்வது சட்டத்துக்குச் சுலபம். அதற்குப் பதிலாக ஒரு தொழிலைக் கொடுப்பதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் போதவில்லை. கத்திப் பட்டறைகள் மீது கை வைக்குமுன் அதிகாரிகள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

என்ன செய்யலாம்?

பயந்து போய், “பிள்ளைகள் இரும்பையே தொடக்கூடாது” என்று சொல்வது சரியல்ல. தறியில் பழுது வந்தால் தாமே செப்பனிடுகிற கைதான் நெசவாளரின் கை. அந்தக் கைத்திறன்தான் காஞ்சீபுரத்துக்குச் சோறு போடுகிறது. பிள்ளைகளுக்கும் அது வேண்டும்.

தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் விடுமுறை நாட்களில் உலை வேலை கற்றுக் கொடுக்கலாம். அனுபவம் உள்ள கொல்லரையே வாத்தியாராக அமர்த்தலாம். அவருக்கும் வருமானம், பிள்ளைக்கும் பாதுகாப்பு. ஒவ்வொரு கொல்லுப் பட்டறையிலும் 9 அங்குலம், 2 அங்குலம் என்ற கணக்கைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டலாம்.

வீட்டில் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியது மூன்று. பிள்ளை செய்கிற கத்தி எந்த வேலைக்கு என்று கேட்கவேண்டும். அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போடுவதைத் தடுக்கவேண்டும். துப்பாக்கி என்ற பேச்சு வந்தால், அது விளையாட்டுத் துப்பாக்கியே ஆனாலும், பிரிக்கவோ மாற்றவோ விடக்கூடாது.

ஆயுத பூஜையில் நாம் கும்பிடுவது வேலை செய்கிற கருவியை. சோறு போடுகிற கத்திக்குப் பொட்டு வைப்போம். பயம் காட்டுகிற கத்திக்கு வீட்டில் இடம் வேண்டாம்.